வலது ஓரத்தில் எழுதிய அமைச்சர்

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒரு தாளின் வலது ஓரத்தைப் பிடித்து, ஒரு விரல் அகலத்துக்கு உள்பக்கமாக மடக்கின. மடிப்பைப் படிய வைக்கும் எலும்புப் பட்டை அதன் மேல் ஒரு தடவை ஓடியது. அடுத்த தாளின் ஓரம் வெறுமையாக இருந்தது. விரல்கள் அதை விட்டுவிட்டன. அதற்கடுத்த தாளில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி இருந்தது. அந்த ஓரமும் உள்ளே மடங்கியது.

"அறுநூறு தாளையும் இப்படித் தடவித் தடவிப் பார்த்து முடிக்கறதுக்குள்ள அடுத்த அமைச்சரும் வீட்டுக்குப் போயிடுவாங்க," என்றார் எதிரில் தேநீரோடு நின்ற வெட்டுக்காரர். காகிதம் வெட்டும் இயந்திரம் அவர் பொறுப்பு.

"போகட்டும். ஓரம் போகக் கூடாது."

"கேள்விக்குறிக்குக் கூடவா மடிப்பு?"

"அமைச்சர் கேட்ட கேள்வி. பதில் வந்துச்சோ இல்லையோ, கேட்டது இருக்கணும் இல்லையா?"

வேளாண் அமைச்சகத்தின் தரைக்கடியில், தபால் பிரிவுக்கும் பழைய நாற்காலிகள் போட்டு வைக்கும் அறைக்கும் நடுவே இருந்தது பைண்டிங் பிரிவு. ஒரு நீள மேசை, ஒரு வெட்டும் இயந்திரம், திருகி இறுக்கும் இரும்பு அழுத்தி ஒன்று, மாவுப் பசை காய்ச்ச ஒரு மின்னடுப்பு, இரண்டு ஆட்கள். தாள் மடக்கியவரின் விரலில் எப்போதும் பசை வாசம் இருந்ததால் அவரை எல்லாரும் பசையக்கா என்றார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்த வெட்டுக்காரருக்கும் அவர் அக்காதான். பேருந்து ஓட்டுநரான கணவர்கூட, கோபம் வந்தால் மட்டும், "ஏம்மா பசையக்கா" என்பார்.

அமைச்சகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு அமைச்சர் பதவியை விட்டுப் போகும்போது, அவர் கையெழுத்திட்ட ஆணைகளும் அவர் குறிப்பெழுதிய தாள்களும் ஒரே தொகுப்பாகக் கட்டப்படும். அடுத்தவர் வரும் முதல் நாள் அந்தத் தொகுப்பு மேசையில் இருக்க வேண்டும். கட்டியவர்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இந்த வழக்கத்தை யார் தொடங்கினார் என்று யாருக்கும் தெரியாது. நிறுத்தச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை.

அப்படிச் சேர்ந்த பதினைந்து தொகுப்புகள் பசையக்காவின் முதுகுக்குப் பின்னால் இரும்பு அலமாரியில் நின்றன. அமைச்சகத்தின் வரலாற்றை அவர் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பிய்ந்ததைத் தைத்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். முதலாவதாக வந்த அமைச்சருக்கு வருவாய்த் துறைக் கட்டடத்தில் இரண்டு அறைதான் கொடுத்திருந்தார்கள். ஆனால் காடு, மீன், வாய்க்கால், மாட்டுத் தீவனம் எல்லாம் அவர் தலையில் இருந்தன. அவர் தொகுப்பைத் தூக்க இரண்டு கை வேண்டும். மூன்றாமவர் காலத்தில் மீன் தனி அமைச்சகமாகப் பிரிந்தது. ஐந்தாமவர் காலத்தில் தண்ணீர் பிரிந்தது. தானியத்துக்கு அரசு கொடுக்கும் விலையை அறுவடை முடிந்த பிறகு அறிவிப்பதுதான் அதுவரை வழக்கம். விதைப்புக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்று அதை மாற்றியவரும் அந்த ஐந்தாமவர்தான். அந்த ஒரு ஆணைக்குப் பின்னால் நூற்றுப் பன்னிரண்டு தாள் சண்டை இருந்தது. உணவுத் துறை வந்து சேர்ந்தது, போனது, மறுபடி வந்தது. அது வந்தபோதெல்லாம் அடுத்து கட்டும் தொகுப்பின் முதுகில் அமைச்சகத்தின் பெயர் நீண்டது. எட்டாமவர் இருபத்து மூன்று நாள்தான் இருந்தார். பள்ளிக்கூட நோட்டு அளவுக்கு மெலிந்த தொகுப்பு. முதுகில் எண் பொறிக்க இடம் வேண்டுமே என்று, பழைய தலைமை பைண்டர் முப்பது வெள்ளைத் தாள்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்.

"அமைச்சருக்கு அப்படி என்னதாம்மா வேலை?" என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

"மழைக்கு முன்னாடி முடிவெடுக்கணும். மழை வந்தப்புறம் பதில் சொல்லணும்," என்றார் பசையக்கா. "நடுவுல தாள்ல எழுதணும். மத்ததெல்லாம் கார்ல போறது."

அந்தத் திங்கட்கிழமை பதினாறாவது தொகுப்பின் ஓரங்களை மடக்கிக்கொண்டிருந்தபோதுதான் கண்காணிப்பாளர் படியிறங்கி வந்தார். தொலைபேசியிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிற மனிதர் அவர். நேரில் வந்ததைப் பார்த்ததும் வெட்டுக்காரர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

"வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் புது அமைச்சர் பொறுப்பேத்துக்கறாங்க. பதினாறு தயாராயிடுமா?"

"ஆயிடும் சார்."

"ஒன்பதையும் சேர்த்துக் கொண்டு வாங்க. அவங்களே கேட்டிருக்காங்க."

எலும்புப் பட்டை பாதி மடிப்பில் நின்றது. "ஒன்பதா? எதுக்கு சார்?"

கண்காணிப்பாளர் ஒரு முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். விஷயம் இதுதான். புது அமைச்சர் ஒரு காலத்தில் இதே துறையில் சின்ன அதிகாரியாக இருந்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வெள்ளத்தின்போது, விவசாயிகள் வைத்திருந்த விதையெல்லாம் நனைந்து போனது. மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல் அரசு விதைக்கிடங்கின் பூட்டை உடைத்து விதையைக் கொடுத்துவிட்டார். வேலையை விட்டு நீக்கலாம் என்று கோப்பு அப்போதைய ஒன்பதாம் அமைச்சர் வரை போனது. அமைச்சர் ஏதோ எழுதினார், கோப்பு மூடப்பட்டது. என்ன எழுதினார் என்று அந்த அம்மாவுக்கு யாரும் காட்டவில்லை.

"இருபத்தஞ்சு வருஷமா அதைப் பார்க்கணும்னு இருக்காங்களாம். இப்போ அவங்க நாற்காலி, அவங்க மேசை. கேட்டுட்டாங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பசையக்கா அலமாரிக்குப் போய் ஒன்பதாவது தொகுப்பை எடுத்தார். முன்னூற்றுப் பதினெட்டாம் தாள். "பணிநீக்கம் செய்யலாமா என அமைச்சரின் முடிவுக்கு" என்று தட்டச்சில் இருந்தது. கீழே அமைச்சரின் கையெழுத்து மட்டும். வலது ஓரத்தில், நெடுக்கே, எழுத்துகளின் தலைகள் மட்டும் வரிசையாக நின்றன. உடல்கள் இல்லை.

வெட்டியது பசையக்காதான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். தலைமை பைண்டர் விடுப்பில் இருந்தார். எல்லா அமைச்சர்களும் இடது ஓரத்தில்தான் குறிப்பு எழுதுவார்கள். இடது ஓரம் தையலுக்குள் பத்திரமாக இருக்கும். வலது ஓரத்தில் விரல் அகலம் வெட்டி நேராக்குவது வழக்கம். அளவு வைத்தார், பிடியை இறக்கினார், வெட்டினார். மறுநாள் காலை குப்பையைக் கூட்டும்போது தாள் கீற்றுகளில் எழுத்து தெரிந்தது. பிறகுதான் நடைக்கூடத்துப் புகைப்படத்தை நின்று பார்த்தார். ஒன்பதாம் அமைச்சர் ஏதோ ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்; பேனா இடது கையில். தாளைப் பக்கவாட்டில் திருப்பி, வலது ஓரம் நெடுக எழுதுவது அவர் பழக்கமாம். பைண்டிங் பிரிவுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

"அமைச்சர் வந்து படிக்கவா போறார்? விடும்மா," என்றார் திரும்பி வந்த தலைமை பைண்டர். பசையக்கா விடவில்லை. எழுத்து வெட்டுப்பட்ட தாள்களை எண்ணினார்: நாற்பத்து மூன்று. குப்பையில் கிடைத்த கீற்றுகள் நாற்பது. அவற்றை ஒரு உறையில் போட்டு மேசை இழுப்பறையின் அடியில் வைத்தார். தலைமை பைண்டர் ஓய்வு பெற்றுப் போனார். உறை அங்கேயே இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு தாளின் ஓரத்தையும் அவர் பார்த்துப் பார்த்து மடக்கியது அந்த உறையினால்தான்.

இப்போது உறையைக் கொட்டினார். நாற்பதையும் ஒவ்வொன்றாக முன்னூற்றுப் பதினெட்டின் ஓரத்தில் வைத்துப் பார்த்தார். எந்த உடலும் அந்தத் தலைகளில் உட்காரவில்லை. அது காணாமற்போன மூன்றில் ஒன்று.

மாலையில் கண்காணிப்பாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படியே கொடுத்துடுங்க. ஓரத்துல நாலு கோடு தெரியும், அவ்வளவுதானே? அவர் ஒண்ணும் எழுதலைன்னு நினைச்சுக்குவாங்க."

"அதான் சார் தப்பு. அவர் எழுதினார்."

வீட்டில் கணவர் தட்டை எடுத்து வைத்துக்கொண்டே, "என்ன, முகம் பசை காய்ஞ்ச மாதிரி இருக்கு?" என்றார். கதையைக் கேட்டதும், "இத்தனை வருஷத்துல நீ ஒட்டினதுல பிரியாம இருக்கறது நான் ஒருத்தன்தான் போல," என்றார்.

"உங்களை ஒட்டும்போது பசை கொஞ்சம் கூடிப்போச்சு. சாப்பிடுங்க."

செவ்வாய்க்கிழமை முழுவதும் கிடைத்த நாற்பது கீற்றுகளையும் அதனதன் தாளில் சேர்த்தார். தலைக்கு உடலைப் பொருத்தி, பின்பக்கம் வெங்காயத் தோல் போன்ற மெல்லிய தாளை நீர்த்த பசையில் ஒட்டி, இரண்டு பக்கமும் ஈரம் உறிஞ்சும் தாள் வைத்து, மேலே எடை வைத்தார். ஒவ்வொன்றும் சேரச் சேர அந்த மனிதர் பேசத் தொடங்கினார். "இந்த எண்ணிக்கை எந்த வயலில் எண்ணியது?" "உரம் வந்ததா, உரம் வந்ததாகக் கடிதம் வந்ததா?" வேலை நடுவே பசையக்கா இரண்டு முறை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இப்படி ஒருவரையா குப்பையில் தள்ளினோம் என்றும் இருந்தது. இப்போதாவது கேட்கிறதே என்றும் இருந்தது.

புதன்கிழமை காலை பதினாறாவது தொகுப்பின் வெட்டு முடிந்தது. வெட்டுக்காரர் அதை அழுத்தியில் நிறுத்தி, முதுகில் பசை தடவினார். பிறகு, பார்க்காமலே குனிந்து, குப்பைக் கூடையிலிருந்து நான்கு நீளக் கீற்றுகளை உருவி முதுகின் மேல் ஒட்டத் தொடங்கினார்.

"என்ன பண்றீங்க?"

"என்னக்கா கேள்வி இது? முதுகுக்குத் தாள் ஒட்டறேன். அன்னைக்கு வெட்டினது அன்னைக்கு முதுகுக்கு. உங்க தலைமை பைண்டர் காலத்துலேருந்து அப்படித்தானே?"

பசையக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையில் இருந்த கீற்றுகளைப் பார்த்தார். அப்புறம் ஒன்பதாவது தொகுப்பை எடுத்து மேசையில் குப்புற வைத்தார்.

"அக்கா, என்னாச்சு?"

"வாயை மூடிக்கிட்டு வெந்நீர் வைங்க."

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு ஒன்பதாவதை வெட்டி முடித்த கையோடு அதன் முதுகை ஒட்டியதும் பசையக்காதான். கையில் அகப்பட்ட கீற்றுகளை எழுத்து உள்பக்கம் போக ஒட்டி, மேலே துணி போட்டு மூடியிருந்தார். காணாமற்போனவை வேறெங்கும் போகவில்லை. அந்தப் புத்தகத்தின் முதுகுக்குள்ளேயே இருந்தன.

துணியின் விளிம்பை மெல்லிய கத்தியால் நெம்பித் தூக்கினார். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை முதுகின் மேல் போட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தார். பழைய பசை ஊறிக் குழைந்தது. முதல் கீற்று வெறும் தாள். இரண்டாவதில் நீல எழுத்து. நல்ல வேளையாக ஒன்பதாமவர் எழுதியது பால்பாயிண்ட் பேனாவில். மைப்பேனாவாக இருந்திருந்தால் அங்கே ஒரு நீலக் கறைதான் மிஞ்சியிருக்கும். அதற்கடியில் இன்னும் இரண்டு. மூன்றாவதை முன்னூற்றுப் பதினெட்டின் ஓரத்தில் வைத்தார். தலைகள் எல்லாம் உடல்களில் போய் உட்கார்ந்தன.

வெட்டுக்காரர் கழுத்தைச் சாய்த்து உரக்கப் படித்தார்.

"விதை கொடுத்தவரிடம் விளக்கம் கேட்க வேண்டாம். கிடங்கைப் பூட்டியே வைத்திருந்த மற்றவர்களிடம் கேளுங்கள்."

பசையக்கா கீற்றை விரல் நுனியால் நகர்த்தி நேராக்கினார்.

"பெரிய ஆளுக்கா," என்றார் வெட்டுக்காரர்.

"தள்ளுங்க, ஈரம் காயணும்."

பிற்பகலில் புது வெள்ளைத் தாளால் முதுகு கட்டினார். கடைசி அட்டையின் உள்பக்கம் ஒரு சின்னத் தாளை ஒட்டி, தன் கையால் எழுதினார்: இத்தொகுப்பில் நாற்பத்து மூன்று தாள்களின் வலது ஓரம் கட்டும்போது தவறாக வெட்டப்பட்டது. வெட்டியது நான். நாற்பத்து மூன்றும் இப்போது சேர்க்கப்பட்டன. கீழே கையெழுத்தும் தேதியும்.

கண்காணிப்பாளர் அதைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "இதை எழுதியே ஆகணுமா? நாளைக்கு உங்க பேர்ல ஒரு குறிப்பாணை வந்தா?"

"வரட்டும் சார். இடது பக்கம் நல்லா ஓரம் விட்டு அடிக்கச் சொல்லுங்க. கட்டறதுக்கு வசதியா இருக்கும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் கண்ணாடியைத் துடைத்தார்.

வியாழக்கிழமை பதினோரு மணி. பசையக்கா கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் வாசம் போகவில்லை. மாடியில் அமைச்சரின் அறை பூங்கொத்துகளால் நிரம்பியிருந்தது. மேசையில் இடமே இல்லை. புது அமைச்சர் நரைத்த தலையும் பருத்திப் புடவையுமாக எழுந்து நின்றார். பதினாறாவது தொகுப்பை வாங்கி, கும்பிட்டு, மேசையில் வைத்தார். அவர் கண் ஒன்பதாவதின் மேல் இருந்தது.

"அம்மா, கொடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்," என்றார் பசையக்கா. கண்காணிப்பாளர் கூரையைப் பார்த்தார். "நீங்க தேடற வரியை இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் வெட்டினேன். தெரியாம வெட்டினேன். இப்போ சேர்த்திருக்கேன். ஓரம் இன்னும் கொஞ்சம் விறைப்பா இருக்கும், பார்த்துத் திருப்புங்க."

அமைச்சர் ஒரு அடி முன்னால் வந்தார். "முழுசா இருக்கா?"

"ஒரு எழுத்து குறையாம இருக்கும்மா."

"நல்ல விதமா எழுதியிருக்காரா?"

"அதை நான் சொல்லக் கூடாது. முன்னூத்துப் பதினெட்டு."

அமைச்சர் மேசை மேல் இருந்த பூங்கொத்துகளை முழங்கையால் ஒதுக்கி இடம் செய்தார். பிறகு அந்த இடத்தில் வைக்கச் சொல்லாமல், இரண்டு கைகளையும் நீட்டினார். பசையக்கா தொகுப்பின் முதுகு தன் உள்ளங்கையில் இருக்கும்படி ஒருமுறை சரிபார்த்து, அதை அந்தக் கைகளில் வைத்தார்.