பெரிய டீச்சரும் கண்ணாடிக் கண்மாயும்

பெரிய டீச்சரை நினைத்தால், ஒரு கண்ணாடித் தகட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபடி அவர் நின்ற கோலம்தான் எனக்கு முதலில் வருகிறது. திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்து மிஷன் பள்ளியில் அவர் தலைமையாசிரியை. நான் அவருக்குக் கீழே மூன்றாம் வகுப்பு எடுத்தேன். பழைய பீரோவை ஒழித்தபோது அந்தத் தகடு அகப்பட்டது. ஃபிலிம் வருவதற்கு முந்தைய காலத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் எடுத்த படம். கண்ணாடியின் ஒரு பக்கம் பூசிய மருந்தில் எங்கள் ஊர்க் கண்மாய் பதிந்திருந்தது. நெகடிவ் என்பதால் தண்ணீர் கறுப்பாகவும் கரையின் பனைமரங்கள் வெள்ளையாகவும் இருந்தன.

அப்போது கண்மாயின் இரு கோடியிலும் இருந்த மேலூருக்கும் கீழூருக்கும் சண்டை. தூர்ந்துபோன பழைய மடையை அரசாங்கத்தில் திரும்பக் கட்டப்போகிறார்கள். அது தங்கள் பக்கம்தான் இருந்தது என்று இரண்டு ஊரும் சாதித்தன. மடை யார் பக்கமோ அவர்கள் வயலுக்குத்தான் முதல் தண்ணீர். பேச்சு முற்றி, கீழூர்க்காரர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். பெரிய டீச்சருக்கு அதுதான் பொறுக்கவில்லை. படத்தில் மடை தெளிவாகத் தெரிகிறது, வந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போங்கள் என்று இரண்டு ஊருக்கும் ஆள் அனுப்பினார்.

மேலூர்க்காரர்கள் முந்திக்கொண்டு வகுப்பறையை நிறைத்துவிட்டார்கள். கீழூர்க்காரர்களுக்கு ஜன்னலுக்கு வெளியே வராந்தாதான் கிடைத்தது. டீச்சர் தகட்டைத் தூக்கிப் பிடித்தார். வலது கோடியில் மடை இருந்தால் மேலூருக்கு, இடது கோடியில் இருந்தால் கீழூருக்கு. உள்ளே நின்றவர்களுக்கு அது வலது கோடியில் தெரிந்தது. வெளியே நின்றவர்களுக்கு இடது கோடியில். இரண்டு ஊரும் ஒரே நேரத்தில் கைதட்டின. எதிராளியும் கைதட்டுகிறான் என்பது புரிந்ததும் சத்தம் ஆரம்பித்தது. ஒரு பெரியவர் மட்டும் தகட்டை உற்றுப் பார்த்துவிட்டு, “இது நம்ம கம்மாயே இல்ல டீச்சர். இம்புட்டுத் தண்ணி நமக்கு என்னைக்கு வந்துச்சு?” என்றார்.

மருந்து பூசிய பக்கம் எதுவென்று தெரிந்தால் படத்தின் நேர்ப்பக்கம் தெரிந்துவிடும் என்றார் டீச்சர். சொல்லிக்கொண்டே நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். காலத்தில் இற்றுப்போயிருந்த மருந்து காய்ந்த வடகம் போல உரிந்து விழுந்தது. மடை இருந்த இடத்தில் வெறும் கண்ணாடி. அதன் வழியே கீழூர்த் தலைவரின் மீசை தெரிந்தது.

“மடையவே பிச்சுப்புட்டீகளே டீச்சர்,” என்றார் மீசைக்காரர்.

“ஆமா. இனிமே அது யாருக்கும் இல்ல. ரெண்டு கோடியிலயும் ஒவ்வொண்ணு வேணும்னு சேந்து போயிக் கேளுங்க. நாளைக்குப் பிள்ளைகள அனுப்புங்க.”

மறுநாள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மடைகள் வரத்தான் வருடக்கணக்கானது. தகட்டின் மருந்துப் பக்கம் மங்கலாக இருக்கும், சுரண்டாமல் பார்த்தாலே தெரியும். விஞ்ஞானம் படித்த டீச்சர் ஏன் சுரண்டினார் என்று பின்னால் ஒருநாள் அவரிடமே கேட்டேன். நகம் வளர்ந்திருந்தது என்றார்.

இந்த ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து இரண்டு மடையிலும் தண்ணீர் ஓடுகிறது. ஓய்வு பெற்று அருப்புக்கோட்டையில் இருக்கும் அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது இரண்டு ஊரும் மீன் குத்தகைக்கு அடித்துக்கொள்கின்றன என்பதையும் சொன்னேன். டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்தப் படத்துல மீனு விழலன்னு சொல்லிரு,” என்றார்.