உள்ளூர்க்காரன் சாப்பிடும் இடம்

இத்தாலிக்குப் போய்வந்த என் மகன் ஒரு மாலை முழுவதும் கதை அளந்தான். கடலோரத்தில் ஏதோ சின்ன ஊராம். வாசலில் சாப்பாட்டுப் படம் ஒட்டி வெளியூர்க்காரர்களைக் கூப்பிடும் கடைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, சந்து சந்தாக நுழைந்து, உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் கடையைக் கண்டுபிடித்துத்தான் சாப்பிட்டானாம். "அதுதாம்மா அசல்" என்றான். இதை அவன் தலைமுறை கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். போடா என்றேன். என் பெரியப்பா இந்த வித்தையை எனக்கு எட்டு வயசு இருக்கும்போதே ஸ்ரீரங்கத்தில் காட்டிவிட்டார். கூட வந்த நாலு பேரைப் பட்டினி போட்டுக் காட்டினார்.

அன்று ஆடிப்பெருக்கு. வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. அத்தைக்கு வைகாசியில் கல்யாணம் முடிந்திருந்தது. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் ஆடிப்பெருக்கு அன்று காவிரியில் குளித்துத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையை அழைத்து விருந்தும் வைக்க வேண்டும். எங்களுக்கு மருங்காபுரிப் பக்கம். மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கடன். அங்கே ஏது காவிரி? அதனால் திருச்சியில் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த பெரியப்பா பொறுப்பை எடுத்துக்கொண்டார். அப்பா மாடுகளைச் சாக்காகச் சொல்லி ஊரிலேயே நின்றுவிட்டார். புத்திசாலி.

புது மாமா துறையூர்க்காரர். நல்ல மனுஷன். ஆனால் அவரைப் பெற்றவள் வாய்க்குத் துறையூரே பயப்படும். கல்யாணப் பந்தியில் அப்பளம் நமத்துப்போனதை வைகாசியிலிருந்து ஆடி வரைக்கும் அத்தைக்குச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள். ஆடிக்கு அழைத்து மாப்பிள்ளையை அரை வயிறாக அனுப்பினார்கள் என்று அவள் காதில் விழுந்தால், அத்தை ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அத்தை வழியெல்லாம் அம்மாவின் காதில் முணுமுணுத்தது இதைத்தான். சாயங்காலம் மாமாவுக்குத் துறையூர் பஸ். அதற்குள் அவர் வயிறு நிறைய வேண்டும்.

முதல் நாளே பொன்மலை வீட்டில் அம்மா புளியைக் கரைத்து வைத்தாள். பெரியம்மா பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்ததால் அடுப்படி அம்மா கையில் இருந்தது. பெரியப்பா எட்டிப் பார்த்தார்.

"மருங்காபுரி புளிச்சோத்தத் தின்னவா மாப்பிள்ளை திருச்சிக்கு வந்திருக்காரு? மாப்பிள்ளை, நாளைக்கு உங்களுக்கு ஓட்டல் சாப்பாடு. மேசை, நாற்காலி, தலைக்கு மேல ஃபேன். கேக்காமயே சாம்பார் ஊத்துவான்!"

எங்கள் வழக்கத்தில் தம்பி பெண்டாட்டி மூத்தாரோடு நேருக்கு நேர் பேசக்கூடாது. எனவே அம்மா என்னைப் பார்த்துப் பேசினாள். "உங்க பெரியப்பாகிட்ட சொல்லுடி, ஒரு தூக்குல கொஞ்சம் கட்டிக்கிட்டா கெட்டா போயிரும்னு."

பெரியப்பாவும் என்னைப் பார்த்தே சொன்னார். "உங்கம்மாகிட்ட சொல்லு, தூக்குச்சட்டியோட ஓட்டலுக்குப் போனா சிரிப்பானுங்கன்னு."

ஓர் அறையில் இரண்டு அடி தள்ளி நிற்கும் இரண்டு பேருக்கு நான் தபால்காரி. புளியை அம்மா சாக்கடையில் ஊற்றினாள்.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் என்கிற காவிரிப் படித்துறையில் தலைகள்தான் தெரிந்தன, தண்ணீர் தெரியவில்லை. மஞ்சளும் காதோலை கருகமணியும் ஆற்றில் மிதந்து போயின. அத்தை கயிறு மாற்றிக்கொண்டாள். மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்குப் போட்டார். கோயிலுக்குப் போய்ப் பெருமாளையும் பார்த்துவிட்டு வெளியே வரும்போது வெயில் உச்சியில் நின்றது. எனக்குப் பசியில் காது அடைத்தது.

கட்டி முடிக்காமல் பாதியில் நின்ற மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டல் இருந்தது. ஃபேன் சுற்றுவது வாசலிலிருந்தே தெரிந்தது. நெய் வாசனை தெரு வரைக்கும் வந்து எங்களைக் கையைப் பிடித்து இழுத்தது. பெரியப்பா சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். "இருங்க, இடம் பாத்துட்டு வந்துர்றேன்" என்று உள்ளே போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். முகம் ஒரு மாதிரி கறுத்திருந்தது.

"வேணாம் மாப்பிள்ளை. சாம்பார்ல தண்ணி. இங்கல்லாம் வெளியூர்க்காரன்தான் ஏமாந்து சாப்பிடுவான். உள்ளூர்க்காரன் சாப்பிடுற இடம் தனியா இருக்கும். அங்க சாப்பிடணும். அதுதான் அசல்."

நேற்று ராத்திரி வரை அசலாக இருந்தது மேசை, நாற்காலி, ஃபேன். வாசல்படி தாண்டித் திரும்புவதற்குள் அசல் இடம் மாறிவிட்டது.

இரண்டாவது ஓட்டலில் படியோடு திரும்பினார். "கடலெண்ணெய்" என்றார். கடலை விளைவிக்கிற குடும்பத்திடம் வந்து கடலெண்ணெயைக் குறை சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

மூன்றாவது ஓட்டலுக்குள் அவர் போனபோது நான் பின்னாலேயே நுழைந்துவிட்டேன். அந்தச் சாம்பாரில் என்ன குறை என்று நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பெரியப்பா சாம்பார் வாளிப் பக்கம் போகவே இல்லை. கல்லாவில் இருந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. தாடையை மட்டும் பக்கவாட்டில் அசைத்தார். அந்தப் பக்கம் கை கழுவும் தொட்டியை ஒட்டி ஒரு தாழ்வாரம் இருந்தது. அதில் தரையில் பலகை போட்டு இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே மேசைகள் பாதிக்கு மேல் காலி.

"புது மாப்பிள்ளை வந்திருக்காருங்க" என்றார் பெரியப்பா. அவருக்கு அப்படி ஒரு சின்னக் குரல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

தாடை மறுபடி அதே பக்கம் அசைந்தது.

எனக்குப் பலகையே போதும். எங்கள் வீட்டில் என்ன மேசையா வாழ்ந்தது? நான் பலகையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். பெரியப்பா என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

"சாம்பார்ல பெருங்காயமே இல்ல மாப்பிள்ளை" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பொய்யி! பெரியப்பா சாம்பாரப் பாக்கவே இல்ல! உள்ள மேசையெல்லாம் காலியா கெடக்கு. கல்லாவுல இருந்தவரு தாடையால காட்டி அந்தாண்ட பலகையில உக்காரச் சொன்னாரு. இவரு வேணாம்னுட்டு வந்துட்டாரு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

அம்மா கிள்ளினாள். அம்மாவிடம் இரண்டு கிள்ளு உண்டு. ஒன்று சும்மா கிள்ளு, இன்னொன்று திருகுக் கிள்ளு. இது திருகுக் கிள்ளு. அத்தை சட்டென்று கோபுரத்தைப் பார்த்தாள், ஏதோ அதை அப்போதுதான் அங்கே கொண்டுவந்து வைத்த மாதிரி.

மாமா தொண்டையைச் செருமினார். "மச்சான் சொல்றதுதான் சரி. எனக்கும் அவ்வளவா பசியில்ல. வாங்க, அந்த உள்ளூர்க்காரன் சாப்பிடுற இடத்தையே தேடுவோம்" என்றார். அவர் வயிறு அந்தச் சமயம் பார்த்து ஒரு நீளமான சத்தம் போட்டது. யாரும் கேட்காத மாதிரி நின்றார்கள். ஒரே நாளில் பெரியவர்கள் எல்லாரும் பொய்யர்களாகிவிட்டார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அதற்குப் பிறகு தேடலில் பெரியப்பாவைவிட மாமாதான் மும்முரம். நிழலில் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த ஜட்காக்காரரைப் பிடித்தார்.

"இந்த ஊர்ல நீங்கள்லாம் எங்கங்க சாப்பிடுவீங்க?"

"வீட்லதாங்க."

"வீட்டுக்குப் போகலேன்னா?"

"போகாம எப்படிங்க? வீடு இங்கதான இருக்கு."

"இல்லீங்க, வீட்ல சமைக்கலேன்னு வைங்க."

ஜட்காக்காரர் முகம் மாறியது. "ஏன் சமைக்க மாட்டா? அவ ஏதாச்சும் உங்ககிட்ட சொன்னாளா?"

அங்கிருந்து நகர்ந்தோம். பெரியப்பாவுக்குப் புதிதாக ஒரு யோசனை. ஏப்பம் விடுகிறவனைப் பிடித்தால் அவன் சாப்பிட்ட இடம் தெரிந்துவிடும். சித்திரை வீதியில் ஒரு கனத்த மனிதர் நல்ல ஏப்பமாக விட்டுக்கொண்டு வந்தார். பெரியப்பா குறுக்கே போய் நின்று, எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

"எங்க சாப்பிட்டேன்? காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல. வாயுத் தொந்தரவுங்க. உங்களுக்கு வைத்தியர் யாராச்சும் தெரியுமா?"

அந்த மனிதர் எங்களோடு தெருமுனை வரைக்கும் வந்து தன் வயிற்றின் வரலாற்றைச் சொன்னார். அவரைக் கழற்றிவிடுவதற்குள் வெயில் சாயத் தொடங்கிவிட்டது. அத்தையின் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. பசியால் இல்லை. அவள் கண்ணுக்குள் மாமியார் வந்து நின்றிருப்பாள்.

அப்போதுதான் இலைக்காரன் வந்தான். சைக்கிளின் பின்னால் மலை மாதிரி வாழையிலைக் கட்டு. ஏறி மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டு போனான். பெரியப்பா மாமாவின் கையைப் பிடித்தார்.

"மாப்பிள்ளை, எலை எங்க போவுதோ, அங்கதான் சோறு!"

இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அவன் பின்னாலேயே நடந்தோம். அவன் திரும்பிப் பார்த்தான். ஐந்து பேர் பசி பிடித்த முகத்தோடு வருவதைக் கண்டு வேகமாகத் தள்ளினான். நாங்களும் வேகமாக நடந்தோம். மொட்டைக் கோபுரத்தைத் தாண்டினான், தெற்கே திரும்பினான், ஓட ஆரம்பித்தான். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டினார்.

"காலையில வந்த வழிதான் இது" என்றேன்.

"வாய மூடு" என்றாள் அம்மா.

இலைக்காரன் ஓடி வந்து நின்ற இடம் அம்மா மண்டபம். சைக்கிளைச் சாய்த்துவிட்டு மூச்சிரைக்கக் கும்பிட்டான். "ஐயா, சத்தியமா இது எங்க சொந்தத் தோட்டத்து எலைங்க!"

திருச்சி, ஸ்ரீரங்கம், உறையூர் என்று மொத்த ஊரும் ஆற்றங்கரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆடிப்பெருக்குக்கு இந்தப் பக்கத்தில் யாரும் ஓட்டலுக்குப் போவதில்லை. வகை வகையாகச் சோறு கிளறிக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு வந்துவிடுவார்கள். உள்ளூர்க்காரன் சாப்பிடும் இடம் அதுதான். காலையில் நாங்கள் துணி பிழிந்த அதே படி. எங்கள் கையில் மட்டும் தூக்குச்சட்டி இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் உறையூர்க்காரம்மா எங்களை நிமிர்ந்து பார்த்தாள். மடியில் ஒன்று, தோளில் ஒன்று, சுற்றி நாலு பிள்ளைகள்.

"என்னாய்யா, எலைக்காரனத் தொரத்திக்கிட்டு வர்றீங்க? எலையத் திங்கவா?"

அவள் அத்தையின் கழுத்தைப் பார்த்தாள். புது மஞ்சள் கயிறு. பிறகு மாமாவைப் பார்த்தாள்.

"அடப்பாவிகளா, புது மாப்பிள்ளையா? ஆடிக்கு அழைச்சிட்டு வந்து பட்டினியா போட்டீங்க? எந்த ஊரு உங்களுக்கு?"

"மருங்காபுரிப் பக்கங்க" என்றார் பெரியப்பா.

"மருங்காபுரியில சோறு திங்க மாட்டாங்களா? உக்காருங்க. ஏய், நவுந்து உக்காரு, அவங்களுக்கு எடத்த விடு."

அவ்வளவுதான். ஊரைத் தவிர வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை. இலைக்காரனிடமே ஐந்து இலை வாங்கிப் போட்டாள். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, தொட்டுக்கொள்ள மாவடு. மாமா தலை நிமிராமல் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவர் இலையில் மட்டும் மேடு தட்டிக்கொண்டே இருந்தாள் அந்த அம்மா. நான் அன்று சாப்பிட்ட தேங்காய்ச்சோற்றுக்கு இணையாக இன்றுவரை எதுவும் சாப்பிட்டதில்லை.

மாமா துறையூர் போய்த் தன் அம்மாவிடம் சொன்னாராம்: "வெளியூர்க்காரங்க போற ஓட்டலுக்கெல்லாம் மச்சான் கூட்டிட்டுப் போகல. உள்ளூர்க்காரங்க சாப்பிடுற இடத்துக்கே கூட்டிட்டுப் போயிட்டாரு. சோறு மட்டும் நாலு வகை." அந்தக் கிழவி அதற்கப்புறம் அப்பளத்தை மறந்துவிட்டு, சம்பந்தி வீட்டு விருந்தை ஊரெல்லாம் பேசினாள். கடைசிவரை அத்தை அந்த ஒரு குத்தலையாவது கேட்காமல் தப்பித்தாள்.

அந்தத் தாடை ஏன் அசைந்தது என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. மேசை ஒரு சாதிக்கு, பலகை மற்றவர்களுக்கு. அப்படி உட்காரவைக்கக் கூடாது என்று சட்டம் சொன்னதாம், கல்லாவில் இருந்தவருக்கு அது எட்டவில்லை. பொன்மலையில் ஒர்க்‌ஷாப் வாசல் கூரைக்கடையில் எல்லாரோடும் ஒரே பெஞ்சில் சாப்பிட்டுப் பழகிய பெரியப்பா, ஊரெல்லாம் அப்படித்தான் என்று நம்பி மேசைக் கனவோடு வந்துவிட்டார். புது மாப்பிள்ளையைப் பலகையில் உட்காரவைக்க அவருக்கு மனசு வரவில்லை. அதனால் சாம்பார் மேல் பழி போட்டார். நான் தெருவில் கத்தியதும் அத்தைக்குப் புரிந்தது, மாமாவுக்குப் புரிந்தது, அம்மாவுக்குப் புரிந்தது. கத்திய எனக்குத்தான் புரியவில்லை.

பெரியப்பா அன்று படித்துறையில் இலையைத் தொடாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா வழக்கம்போல என்னைக் கூப்பிடுவாள் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை. உறையூர்க்காரம்மாவின் கையிலிருந்து அகப்பையை வாங்கிக்கொண்டு எழுந்து போனாள். அவர் இலையில் தேங்காய்ச்சோற்றை வைத்தாள். "சாப்பிடுங்க" என்றாள், நேராக, பெரியப்பாவைப் பார்த்து. அதற்கு முன்னும் பின்னும் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அவர் சாப்பிட ஆரம்பித்தார்.

என் கையில் கிள்ளிய இடம் கன்றிப்போயிருந்தது. உண்மையைச் சொன்னவளுக்குத் திருகுக் கிள்ளு, பொய் சொன்னவருக்கு உபசாரம். அந்த அநியாயத்துக்காக நான் அம்மாவோடு மருங்காபுரி போய்ச் சேரும்வரை பேசவே இல்லை.