ஃபில்டா புதைத்த காய்

லாபோரா ஊரில் எள்ளு வறுத்து அரைத்து விற்கும் ஃபில்டாவுக்கு ஹேக் நகரத்துச் சர்வதேசக் கோர்ட் என்றாலே வாயில் எச்சில் ஊறும், துப்புவதற்கு.

சண்டைக் காலத்தில் அவள் மகள் அசிரோவைக் காட்டுக்குள் இழுத்துப் போனவன் கலகப்படைத் தலைவன் ஒகிடி. அவன் அவளைக் கொன்றுவிட்டதை, அங்கிருந்து தப்பி வந்த பிள்ளைகள் சொன்னார்கள். எந்த மண்ணில் கிடக்கிறாள் என்பது ஒகிடி ஒருவனுக்குத்தான் தெரியும். உடல் கிடைக்காவிட்டால் யாகோ மரத்தின் நீளக் காயைப் புதைத்துக் காரியம் முடிப்பது எங்கள் வழக்கம். ஃபில்டா மாட்டேன் என்றுவிட்டாள். தெரிந்தவன் உயிரோடிருக்கும்போது காயை எதற்குப் புதைக்க வேண்டும்?

ஒகிடி சரணடைந்ததும் ஊர் தன் வழக்கப்படி பகை தீர்க்கத் தயாரானது. கொன்றவன் தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லி, பறிகொடுத்தவர்களோடு ஒரே சுரைக்குடுவையில் கசப்பு வேர்ச்சாறு குடிக்க வேண்டும். வேரைக்கூட இடித்தாகிவிட்டது. அதற்குள் கோர்ட்டார் விமானத்தில் வந்து அவனை அள்ளிக்கொண்டு போனார்கள். நீதி செய்யப் போகிறார்களாம்!

பிறகு வருஷக்கணக்காக மாமரத்தடியில் கூடாரம் போட்டு டிவியில் விசாரணையைக் காட்டினார்கள். கறுப்பு அங்கிக்காரர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒகிடி கோட்டும் டையுமாக, கன்னம் உப்பிப்போய், வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"இவன் ஏன்யா பேச மாட்டேங்கறான்? நாக்குல புண்ணா?" என்றாள் ஃபில்டா.

கம்பாலாவிலிருந்து வந்திருந்த கோர்ட் அதிகாரி முகிஷா, "பேசாம இருக்கறது அவரோட உரிமைம்மா," என்றார்.

"எம் பொண்ணக் கொன்னவன் உனக்கு அவரா? அவள எங்க போட்டான்னு கேக்கச் சொல்லு."

"அது குற்றச்சாட்டுல இல்லம்மா."

"அப்புறம் என்ன எழவுதான்யா அதுல இருக்கு?"

கூடாரமே சிரித்தது. கொழுந்தன் ஓட்டோ அவள் கையைப் பிடித்து இழுத்தான். "உக்காருங்க அண்ணி. பிஸ்கட் தர்ற நேரம்."

"எள்ளு எண்ணெய்க்குக் காயுது. எலிப்புழுக்கை, நீ எதுக்குடா காயற?"

தீர்ப்பு வந்த அன்று முகிஷா மைக்கை நீட்டினார். "நீதி கெடச்சிடுச்சு. எப்படிம்மா இருக்கு?"

"தெரிஞ்ச ஒருத்தனையும் கடல் தாண்டிக் கொண்டுபோய்ப் பூட்டிட்டு, கெடச்சிடுச்சுங்கற. வச்சுக்கோ. நல்லா ஆக்கிப் போட்டு வச்சுக்கோ."

போட்டார்கள்தான். ஆனாலும் ஒகிடி சிறையில் காய்ச்சல் கண்டு செத்துப்போனான், வாயைத் திறக்காமலே. கோர்ட்டார் அவனைப் பளபளப்பான பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுவந்து, பக்கத்து ஊரில் அவன் அம்மா குடிசையோரம் புதைத்துவிட்டுப் போனார்கள். சொந்த மண்ணில் கிடப்பதும் அவன் உரிமையாம். தூ!

பெட்டி போன லாரியின் புழுதி அடங்குமுன் ஃபில்டா ஓட்டோவின் கையில் அரிவாளைக் கொடுத்தாள்.

"யாகோ மரத்துல ஏறுடா. அசிரோ நல்ல ஒசரம். நீளமான காயாப் பாத்து அறு."