தலை திருப்பாமல் விடை கொடுத்தவள்

"எனக்கு நல்லதுன்னா நீயும் கூட இருக்கலாம்ல? ஏம்மா வெளிய போற?" ஐந்து வயது மகள் கேட்ட இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அவள் மூளையில் இருந்த கட்டியை மதுரையில் அறுத்து எடுத்தார்கள். எடுக்க முடியாத மிச்சத்துக்கு எக்ஸ்ரே கதிர் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். மொட்டைத் தலையில் ஊதா மையால் ஒரு கட்டம் வரைந்தார். கதிர் அதற்குள் மட்டுமே விழ வேண்டும். கண்ணையும் நல்ல மூளையையும் ஈயத் தகடு காக்கும். ஆனால் தலை ஒரு விரல்கடை திரும்பினாலும் தகடு இருந்து பயனில்லை என்றார். நான் பள்ளியிறுதி வரை படித்தவள். அவர் சொன்னது புரிந்தது. புரிந்ததால்தான் பயம் கூடியது.

முதல் நாள் அங்குள்ள ஊழியர் அவளை மேசையில் படுக்க வைத்து, தலைக்கு இருபுறமும் மணல் பைகளை அண்டக் கொடுத்து, மைக்கோட்டைப் பார்த்துப் பார்த்துத் தகட்டைப் பொருத்தினார். பிறகு நாங்கள் எல்லோரும் வெளியே போக வேண்டும். நான் வாசலில் நின்று, "போயிட்டு வர்றேன் ஆத்தா" என்றேன். அவள் உடனே தலையைத் திருப்பி, என் முகத்தைப் பார்த்து, "போயிட்டு வாம்மா" என்றாள். தகடு நழுவியது.

மறுபடி முதலிலிருந்து பொருத்தினார். மறுபடி நான் சொன்னேன், அவள் திரும்பினாள். எங்கள் வீட்டில் யார் படியிறங்கினாலும் சொல்லிக்கொண்டுதான் போவோம். சொன்னவர் முகத்தைப் பார்த்து விடை கொடுக்க அவளுக்குப் பேச்சு வந்ததுமே பழக்கியவள் நான்தான். சொல்லாமல் போகும்படி ஊழியர் கேட்டுக்கொண்டார். சொல்லாமல் போனேன். அவள் என்னைத் தேடித் திரும்பினாள்.

டாக்டர் கோபிக்கவில்லை. வீட்டில் பழக்கித் திங்கட்கிழமை கூட்டி வரச் சொன்னார்.

போடிக்கு மேலே மலைச்சரிவில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டி எங்கள் வீடு. கணவருக்கு அங்கே மேற்பார்வை வேலை. இரண்டு பைகளில் மணல் நிரப்பி, என் பழைய சேலையைச் சுற்றி, நடுவில் அவள் தலையை வைத்தேன். அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். அதட்டியிருக்கக் கூடாதோ என்று பிறகு அழுதேன். கடைசியில் வழி சொன்னது அவள்தான்.

"நீ சொல்லிட்டே போம்மா. நான் விரல ஆட்டுறேன்."

கணவர் கிளம்பும்போது சுண்டுவிரல் ஆடியது. அம்மாவுக்குக் கட்டைவிரல், அப்பனுக்குச் சுண்டுவிரல்தானா என்று குறைப்பட்டுக்கொண்டே ஜீப்பில் ஏறினார். ஸ்டோரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்கள், விடைபெறுவதற்கென்றே வீட்டுக்கு வந்துபோனார்கள். அந்த நாட்களில் ஒரு மாலையில்தான், கதிர் உனக்கு நல்லது என்று நான் சொன்னபோது, மேலே கூரையைப் பார்த்தபடியே, அந்தக் கேள்வியைக் கேட்டாள். டாக்டர் உத்தரவு என்று சொல்லி மழுப்பினேன்.

திங்கட்கிழமை, அனுமதி கேட்டு, ஆஸ்பத்திரியின் மணல் பைகளுக்கும் என் சேலையைச் சுற்றினேன். "போயிட்டு வர்றேன் ஆத்தா." கட்டைவிரல் ஆடியது. தலை அசையவில்லை. கதவு மூடியபின் கண்ணாடி வழியே பார்த்தேன். விரல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. விரலோடு தலையும் ஆடிவிடுமோ என்று அதற்கும் பயந்தேன்.

கதிர் வைத்து முடிந்துவிட்டது. அறுவைக்குப் பின் சுவரைப் பிடித்து நடந்தவள், இப்போது பிடிக்காமல் நடக்கிறாள். அந்தக் கட்டத்தில் மட்டும் முடி முளைக்கவில்லை. பரிசோதனைக்குப் போகிற ஒவ்வொரு முறையும், பஸ்சிலேயே அதே கேள்வியைக் கேட்கிறாள். அந்தக் கதிர் நல்ல உடம்புக்கு ஆகாது, உனக்குள் மிஞ்சிய கட்டிக்கு அது வேண்டியிருந்தது என்பதுதான் உண்மை. அதைச் சொன்னால், மறுபடி கதிர் வைக்க நேர்ந்தால் அந்த மேசையில் படுப்பாளா? சொல்லாவிட்டால் பின்னால் என்னை நம்புவாளா?

அப்படி ஒரு கதவுக்கு வெளியே நின்ற தாய்மார்கள் இதைப் படித்தால், உங்கள் பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். பொய்யாக இருக்கக் கூடாது. அவள் பயப்படவும் கூடாது.