அர்ஃபஜ் செடியின் மேல் ஒரு சேலை

அந்தச் செடியின் கிளையை ஒடித்தால் காய்ந்த வைக்கோலும் கற்பூரமும் சேர்ந்தாற்போல் ஒரு மணம் விரலில் ஒட்டிக்கொள்ளும். சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் மத்தியானச் சோற்றில் மணக்கும். குவைத் பாலைவன ஓரத்தில், எண்ணெய்க் கம்பனி தன் எழுதுவினைஞர்களுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டு வரிசையில் வளர்ந்தவன் நான். இப்போது நான் வாழும் ஓஸ்லோவில் இதைச் சொன்னால், யாழ்ப்பாணத்தவனுக்குப் பனைமரமல்லவா இருந்திருக்க வேண்டும் என்று ஏமாந்துபோகிறார்கள். எனக்கு வாய்த்தது “அர்ஃபஜ்”.

முழங்கால் உயரப் பற்றை. ஆண்டில் பெரும்பகுதி விறகுபோல் கிடந்து, மற்றப் புல்லெல்லாம் கருகத் தொடங்கும் நேரத்தில், சூரியகாந்தியை விரல்நகமளவுக்குச் சுருக்கியதுபோன்ற மஞ்சள் பூக்களால் தன்னை மூடிக்கொள்ளும். தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் அப்போது வேறு கடை திறந்திருக்காது. ஒட்டகம் மேயும், எறும்பு விதை பொறுக்கும், அடியில் சேரும் மணலில் பல்லி வளை தோண்டும். எங்கள் வாசலுக்கு எதிரே நின்ற பற்றையின் நிழலில் ஒரு கொண்டை வானம்பாடி குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சுகளுக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை.

அந்த வாரம்தான் கம்பனியின் “கிளியரன்ஸ்” ஆட்கள் வந்தார்கள். தீப்பிடிக்கும் என்பதால் வீடுகளுக்கு அருகிலுள்ள பற்றைகளைக் கோடைக்கு முன் வேரோடு பிடுங்க வேண்டும் என்பது விதி. அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தவரே என் அப்பாதான். நான் அழுதேன்.

“விதிவிலக்குக் கேக்கலாம். மூண்டு பிரதியிலை எழுதவேணும்,” என்றார் அப்பா.

“பதில் எப்ப வரும்?” என்றார் அம்மா.

“ரண்டு மாசத்திலை.”

“அதுக்குள்ளை உந்தக் குஞ்சுகள் பேரப்பிள்ளை கண்டிடும். இல்லாட்டிச் செத்திடும்.”

அம்மா உள்ளே போய், தோய்த்துப் பிழிந்த தன் நூல் சேலையைக் கொண்டுவந்து பற்றையின் மேல் விரித்து, கூட்டுக்குப் போகும் பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டார். “உது என்ரை உடுப்புக் கொடி. ஆர் தொடுறான் எண்டு பாப்பம்.”

பற்றை பிடுங்க வந்தவர்களின் பலூச்சி மேஸ்திரி ஈரச் சேலையைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்நியப் பெண்ணின் உடுப்பில் கைவைக்க அவருடைய ஆட்களில் ஒருவரும் தயாரில்லை. காயட்டும் என்று காத்திருந்தார்கள். காய்ந்ததும் அடுத்த சேலை வந்தது.

“பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பினம்?” என்று அப்பா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார்.

“தோய்ச்சு உடுக்கிற ஆக்கள் எண்டு நினைப்பினம்.”

எங்கள் பற்றை தவிர வரிசை முழுவதையும் மொட்டையடித்துவிட்டு அவர்கள் போனார்கள். அதன்பின் அந்த வரிசையின் தேனீக்கள் எல்லாம் எங்கள் பற்றையில்தான் மொய்த்தன. சில நாள்களில் குஞ்சுகள் பறந்துவிட்டன. அம்மா, சேலையில் மஞ்சள் கறை போகவில்லை என்று பல காலம் முணுமுணுத்தார்.

அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. வீடுகள் இருந்த இடத்தில் பெருந்தெரு ஓடுகிறது. குவைத்தில் வேலை செய்யும் மருமகன் போய்ப் பார்த்துவிட்டு, ஒரு பற்றைகூட இல்லை என்கிறான். நான் ஓய்வுபெற்று, ஓஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் எங்கள் அடுக்குமாடியின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். கட்டடத்துக்குப் பின்னாலுள்ள சரிவில் வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாய் “பிரெஸ்தெக்ராகெ” பூக்கும். அதைப் பூக்காலத்திலேயே வெட்டவேண்டும் என்று ஆண்டுதோறும் யாராவது பிரேரணை கொண்டுவருவார்கள். நான் எதிர்ப்பதில்லை. அறிவித்தல் பிந்தியிருக்கும், அல்லது செலவு மதிப்பீடு இணைத்திருக்கமாட்டார்கள். தள்ளிவைக்க ஏதாவது ஒன்று அகப்படும்.

குழுவின் செயலாளரான மேல்மாடித் தமிழ்த் தம்பி இம்முறை கேட்டேவிட்டான்: “அண்ணை, உண்மையாச் சொல்லுங்கோ, உதை எப்பதான் வெட்டுறது?”

“விதை கொட்டினாப்பிறகு,” என்றேன். “நீர் கூட்டக் குறிப்பிலை, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைச்சது எண்டு எழுதும்.”