கணப்பில் காய்ச்சிய பால்

காக்ஸ் டவுனில் நாங்கள் வாங்கிய பங்களாவைக் கட்டிய துரைக்கு மழை என்றால் பயம். சமையல் வாசனை என்றால் அதைவிடப் பயம். முன்வாசலுக்கும் ஜன்னல்களுக்கும் மேலே மரச்சட்டங்களால் கூரான முக்காடு போட்டிருந்தார். வெள்ளைக்காரர்கள் குடியிருந்த கன்டோன்மென்டில் அதற்கு மங்கி டாப் என்று பெயர். கூரைக்கு மங்களூர் ஓடு, ஹாலில் குளிர்காய ஒரு கணப்பு. சமையலறை மட்டும் வீட்டோடு ஒட்டாமல், முற்றத்துக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்த மாதிரி நின்றது. சமைப்பது பட்லர்தானே, துரைக்கு அங்கே என்ன ஜோலி!

சுதந்திரத்துக்குப் பிறகு அந்தத் தெரு வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. எங்களுக்கு விற்றவர் துரையின் பேத்தி. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. லண்டனுக்குக் கப்பல் ஏறும்வரை பின்பக்க அறையில் இருந்துகொள்கிறேன் என்றார். மைசூர் அரசாங்க அதிகாரியான அப்பாவுக்கு ஆபீஸுக்கு வெளியே யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாது.

குடிபுகுந்த காலையில், பால் காய்ச்சும் நேரத்தில் அம்மா பிடிவாதமாக நின்றுவிட்டாள்.

“சமையல்கட்டு வீட்டுக்கு வெளியில இருக்கு. அங்க பால் பொங்கினா இது எப்படிங்க நம்ம வீடாகும்?”

அப்பா ஹாலைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் கணப்பில் போய் நின்றதுதான் வினை. செங்கல் வைத்து, விறகு அடுக்கி, மஞ்சள் கட்டிய பாத்திரத்தை ஏற்றினோம். புகைபோக்கிக்குள் புறாக்கள் பல காலமாகக் குடும்பம் நடத்திவந்தது எங்களுக்குத் தெரியாது. மேலே போக வழியில்லாத புகை ஹாலை நிரப்பி, ஓட்டிடுக்கிலும் மங்கி டாப் சட்டங்களுக்கு நடுவிலும் வெளியேறியது. தெருவிலிருந்து பார்த்தால் வீடே பற்றி எரிகிற காட்சி.

வாசலில் எங்கள் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்த ஜட்காக்காரர், “அரே, ஆக்! ஆக்! நெருப்பு!” என்று கத்தியபடி குதிரைக்கு வைத்திருந்த வாளித் தண்ணீரோடு ஓடிவந்து கணப்பில் கொட்டினார். நெருப்பு அணைந்தது. பால் பாத்திரமும் கவிழ்ந்தது.

அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். “முதல் பாலே கொட்டிப்போச்சு. இந்த வீடு நமக்கு வேணாங்க. மல்லேஸ்வரத்துக்கே திரும்பிடலாம்.”

என் சிநேகிதிகள் எல்லாரும் மல்லேஸ்வரத்தில்தான் இருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனால் அம்மா அழுவது பொறுக்கவில்லை.

அதற்குள் பின்பக்கத்திலிருந்து அந்தப் பெண்மணி இருமிக்கொண்டே வந்தார். தமிழ் பேசும் மர்பி டவுன் ஆயாவிடம் வளர்ந்தவர். தமிழ் சரளமாக வரும்.

“என்னம்மா, நான் கப்பல் ஏர்றதுக்குள்ள வீட்டக் கொளுத்திட்டீங்களா?”

அப்பா தடுமாறித் தடுமாறி விஷயத்தைச் சொன்னார்.

“உள்ள பால் பொங்கணும், அவ்ளோதானே?” என்று திரும்பிப் போனவர், தன் மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் டீக்கு வாங்கி வைத்திருந்த பாலையும் கொண்டுவந்தார். ஹாலின் நடுவில் உட்கார்ந்து, அவரே பம்ப் அடித்துப் பற்றவைத்தார். நல்ல நேரம் முடிவதற்குள் பால் நுரைத்து வழிந்தது.

“பொங்கலோ பொங்கல்!” என்று அவர்தான் முதலில் கத்தினார். அது தை மாதத்துக் கூச்சல் என்று திருத்த யாருக்கும் மனம் வரவில்லை. நாங்களும் சேர்ந்து கத்தினோம்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சர்க்கரை போட்டு முதல் டம்ளரை அவரிடம் நீட்டினாள்.

“நம்ம வீட்டுக்கு நீங்கதான் முதல் விருந்தாளி. உக்காருங்க.”

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். தான் தவழ்ந்து நடை பழகிய ஹாலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்:

“எங்கே உக்காரட்டும்மா?”