இது, உது, அது

பத்மாசினி யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது அவளுக்கு முப்பது வயது. கண்டியில் பிறந்து அங்கேயே வளர்ந்தவள். தகப்பன் உடுவில்காரர். தபால் கந்தோர் வேலைக்காகக் கண்டிக்குப் போனவர் கடைசிவரை திரும்பவில்லை. தாய் மலைநாட்டுக்காரி. வீட்டில் தாயின் தமிழ், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், தெருவில் சிங்களம். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் கண்டி வீடு எரிந்தபோது தாயும் தகப்பனும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தார்கள். மிஞ்சியது உடுவிலில் பூட்டிக்கிடந்த ஒரு பங்கு வீடு. சாவி யாரிடம் இருக்கிறதென்று கேட்க ஆளில்லாமல், பூட்டை உடைத்துக்கொண்டுதான் தகப்பன் வீட்டுக்குள் போனாள்.

அயலவர்கள் நல்லவர்கள். முருங்கைக்காய் கொடுத்தார்கள், கிணற்றுக் கப்பியைப் பூட்டிக் கொடுத்தார்கள். ஆனால் அவள் வாயைத் திறந்தால் சிரித்தார்கள். “போயிட்டு வர்றேன்” என்று சொன்னால் வேலிக்கு அப்பால் பிள்ளைகள் அதையே நீட்டி முழக்கிக்கொண்டு ஓடின. வேண்டுமென்று செய்யும் கேலி இல்லை. இருந்தாலும் நாலைந்து மாதத்தில் அவள் குறைத்துப் பேசப் பழகிவிட்டாள். ‘கண்டிப் பிள்ளை வாய் திறவாது’ என்று ஊரில் பெயராயிற்று.

பேராதனையில் கணிதம் படித்தவளுக்குச் சுன்னாகத்தில் ஒரு வேலை கிடைத்தது. வெளிநாட்டு உதவியில் நடந்த சின்ன நீராய்வு நிலையம் அது. ஊரார் அதை ‘உப்புக் கந்தோர்’ என்றார்கள். குடாநாட்டில் ஆறு கிடையாது; எல்லாம் கிணறுதான். மேலே நல்ல தண்ணீர், அடியில் கடல். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருக்கிற உப்பு மேலே வரும். எந்தக் கிணற்றில் எவ்வளவு உப்பு, போன வருடத்தைவிட ஏறியதா இறங்கியதா என்று கணக்கிட்டு, எந்த ஊர் இன்னும் இறைக்கலாம் என்று சொல்வது உப்புக் கந்தோரின் வேலை.

கணக்கிட ஒரு கொம்பியூட்டர் இருந்தது. கொழும்பில் கழித்துவிட்ட, மூன்று அலுமாரி பருமனுள்ள பழைய யந்திரம். உப்புக்காற்று அதைத் தின்று முடித்துவிட்டது. ஆனால் கிணற்றுக் கணக்குகள் எல்லாம் அந்த யந்திரத்துக்கென்றே எழுதப்பட்டவை. எழுதிய வெள்ளைக்காரர் எப்போதோ ஊர் போய்விட்டார். துளையிட்ட கடதாசி நாடாக்கள் மட்டும் மிச்சம். அப்போதுதான் கந்தோரில் வேலை பார்த்த தொண்டைமானாற்று மார்க்கண்டு ஒரு வழி கண்டான். உதவியாக வந்த ஒரு சின்ன கொம்பியூட்டரில், செத்துப்போன பெரிய யந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் புரோகிராம் ஒன்றை எழுதினான். எமுலேற்றர் என்பது அதன் பெயர். பழைய நாடாவைக் கொடுத்தால், தான்தான் அந்தப் பழைய யந்திரம் என்று அது நடிக்கும். கணக்கும் சரியாக வரும். கந்தோரில் அதற்கு வேசக்காரன் என்று பெயர் வைத்தார்கள்.

எண்பத்தொன்றில் மார்க்கண்டு கணக்குப் படிப்பிக்க நைஜீரியாவுக்குப் போய்விட்டான். வேசக்காரன் பத்மாசினியின் கைக்கு வந்தது. அடுத்த வருடம் அந்தச் சின்ன கொம்பியூட்டரும் படுத்துக்கொள்ள, வேறொரு புதிய கொம்பியூட்டர் வந்து இறங்கியது. அதன் மூளை வேறு. மார்க்கண்டு எழுதிய வரி ஒன்றுகூட அதற்கு விளங்காது. எல்லாவற்றையும் திருப்பி எழுத வேண்டும்.

நிலையப் பொறுப்பாளர் கனகசபாபதி அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: “இஞ்சை பாரும் பத்மாசினி. உதவி தாற ஆக்கள் புரட்டாசியிலை வருகினம். வேசக்காரன் ஆடினால் கந்தோர் இருக்கும், நீரும் இருப்பீர். ஆடாட்டில் ரெண்டும் இல்லை.”

வேலை போனால் உடுவிலில் அவளுக்கு என்ன இருக்கிறது? பூட்டில்லாத ஒரு வீடு. கண்டிக்கும் திரும்ப முடியாது.

அவள் மார்க்கண்டுவின் வரிகளோடு இருந்தாள். அடுத்த மேசையில் மூன்று கிழமை இருந்து வேலையை ஒப்படைத்துவிட்டுப் போனவன். அப்போது இரண்டு பேரும் பேசியது கொஞ்சம். இப்போது மாதக்கணக்காக அவன் எழுதியதை வாசிக்க வாசிக்க, எந்த இடத்தில் அவனுக்குச் சலித்தது, எங்கே அவசரப்பட்டான், எங்கே தன் கெட்டித்தனத்தைப் பார்த்துத் தானே மகிழ்ந்தான் என்பதெல்லாம் தெரிந்தது. இந்தக் குடாநாட்டில் அவள் நெருங்கி அறிந்த ஒரே மனிதன் அவன்தான். அவனோ நைஜீரியாவில்.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு எழுத்துக்கூட்ட வராது. ஆங்கிலத்தில் எழுதிய குறிப்புகள் முழுக்கப் பிழை. எண்களை வைக்கும் இடங்களுக்கு அவன் விளையாட்டாக, ஆங்கில எழுத்தில், தமிழ்ப் பெயர் வைத்திருந்தான்: இது, அது. பல இடங்களில் ‘அது’ என்று வரவேண்டியதை ‘உது’ என்று அடித்திருந்தான். இந்த ஊர்க்காரர் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதை அவள் கவனித்திருந்தாள். உது, உவன், உங்கை. கண்டியில் அவள் கேட்டறியாதது. ‘அது’வைத்தான் இவர்கள் வாயைக் குவித்துச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். ஒரே பொருளுக்கு இரண்டு எழுத்து எதற்கு? புதிதாக எழுதும்போது உது எல்லாவற்றையும் ‘அது’ ஆக்கினாள். அதன்பின் பார்த்தால், ‘அது’வில் உள்ளதை எடுத்து ‘அது’வில் வை என்று அர்த்தமில்லாத வரிகள் ஏராளம். அவற்றை வெட்டி எறிந்தாள். வேசக்காரன் பாதியாய் மெலிந்து வேகமாக ஓடினான். வந்த நாளிலிருந்து அவளுக்கு இவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை.

பழைய யந்திரத்தின் கைநூலைக் கறையான் தின்றிருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. ஒரு வருட அளவுகளை மட்டும் போட்டு, கையால் செய்த கணக்கோடு ஒத்துப் பார்த்தாள். சரியாக வந்தது. உடனே முதல் வேலையும் வந்தது: தொண்டைமானாற்று நீரேரிக்கரையில் வெங்காயம் செய்யும் நாகலிங்கம் என்பவர், புதிதாக நீரிறைக்கும் மிசின் பூட்டலாமோ என்று கேட்டிருந்தார். போன வருட அளவையும் இந்த வருட அளவையும் கொடுத்தாள். உப்பில் மாற்றமில்லை என்றது வேசக்காரன். பூட்டலாம் என்று கையெழுத்து வைத்து அனுப்பினாள்.

அதற்கு அடுத்த கிழமை சுன்னாகம் சந்தையில், மயிலிட்டியிலிருந்து மீன் கொண்டுவரும் குணலட்சுமியின் முன்னால் நின்றாள். சனிக்கிழமைச் சனம். குணலட்சுமி ஒரு விளைமீனைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தாள். பத்மாசினி குவியலிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் பனையோலைக் கடகத்தில் இன்னும் சில மீன்கள்.

“இது வேண்டாம் பிள்ளை, நேற்றையான். அது ஆசுப்பத்திரி ஐயாவுக்கு எடுத்து வைச்சது. உதை எடும்.”

பத்மாசினி கையிலிருந்ததைப் போட்டுவிட்டுக் கடகத்துப் பக்கம் குனிந்தாள்.

“ஐயோ, அதில்லையடி பிள்ளை. உதை! உதை!”

“ஆரையணை உதைக்கச் சொல்லுறாய்?” என்றான் பக்கத்தில் நின்ற ஒருவன். சனம் சிரித்தது.

“நீ பேசாமல் நில்லடா, முதல் உதை உனக்குத்தான்” என்ற குணலட்சுமி, பத்மாசினி போட்ட மீனை எடுத்து அவள் கையிலேயே திரும்ப வைத்தாள். “என்ரை கையிலை இருக்கிறது இது. அங்கை கடகத்திலை கிடக்கிறது அது. உம்மடை கையிலை இருக்கிறது உது. மூண்டும் மூண்டெல்லோ? கண்டியிலை உங்களுக்குக் கையே இல்லையோ?”

சந்தையே சிரித்தது. பத்மாசினி சிரிக்கவில்லை. மீன் கையில் இருந்தது. மூன்றும் மூன்று.

மீனை வைத்துவிட்டுக் கந்தோருக்கு நடந்தாள். பிறகு ஓடினாள். அரைநாள் வேலை முடிந்து எல்லோரும் போகிற நேரம். மார்க்கண்டுவின் தாள்களை மேசை முழுக்கப் பரப்பினாள். இப்போது எல்லாம் விளங்கியது. பழைய யந்திரத்தில் எண் வைக்க மூன்று பெட்டிகள் இருந்திருக்கின்றன. கையிலுள்ள எண்ணுக்கு ‘இது’. தூரக் களஞ்சியத்தில் உள்ளதற்கு ‘அது’. இரண்டுக்கும் நடுவில், இப்போதுதான் ஒதுக்கி வைத்த எண்ணுக்கு ‘உது’. போன வருட அளவு அந்த நடுப்பெட்டியில்தான் காத்திருக்கும். அவள் அந்தப் பெட்டியையே இல்லாமல் ஆக்கியதால், போன வருட அளவின் மேலேயே இந்த வருட அளவு வந்து விழுந்திருந்தது. வேசக்காரன் இந்த வருட அளவை இந்த வருட அளவோடேயே ஒப்பிட்டுவிட்டு, மாற்றமில்லை என்று சொல்லியிருந்தான். எந்தக் கிணற்றைக் கொடுத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான்.

வெட்டியதையெல்லாம் திரும்பப் போட மூன்று நாள் பிடித்தது. நாகலிங்கத்தின் கிணற்றை மறுபடி ஓட்டினாள். உப்பு ஏறியிருந்தது. நன்றாகவே ஏறியிருந்தது.

கனகசபாபதி கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். “இப்ப சரிதானே? திருத்தியாச்சுத்தானே? பேந்தென்ன, பேசாமல் இரும். வாற ஆக்களுக்குப் பிழை வந்தது எண்டு தெரிஞ்சால், உந்த வேசத்தை நம்பேலாது, மூடுங்கோ எண்டுவினம்.”

“அவர் மிசின் பூட்டிட்டார் சேர்.”

“பூட்டினால்? ஒரு மிசின்தானே.”

“நான்தான் கையெழுத்து வச்சேன் சேர்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் ஒண்டும் சொல்லேல்லை. நீரும் என்னட்டைக் கேக்கேல்லை.”

அடுத்த நாள் பஸ் ஏறிப் போனாள். நாகலிங்கம் வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்றார். மிசின் இரைந்துகொண்டிருந்தது. அவள் கத்திப் பேச வேண்டியிருந்தது.

“ஐயா, உப்புக் கந்தோர்லேருந்து வர்றேன். மிசினை நிப்பாட்டணும்.”

“ஆற்றை மிசினை? உங்கடை கந்தோர் மிசினையோ, என்ரை மிசினையோ?”

“எங்க மிசின்ல பிழை வந்துருச்சு. உங்க மிசினைத்தான் நிப்பாட்டணும்.”

“பிழை விட்டது உம்மடை மிசின். நிக்க வேண்டியது என்ரை மிசின். சோக்கான நியாயம்.” அவர் வாய்க்காலில் ஒரு கை அள்ளி நீட்டினார். “குடிச்சுப் பாரும்.”

குடித்தாள். நல்ல தண்ணீர்.

“எப்பிடி?”

“நல்லாத்தான் இருக்கு. இப்படியே இறைச்சா வர்ற வருஷம் வாயில வைக்க முடியாது.”

“வாற வருசம் உமக்கு எப்பிடித் தெரியும்? சாத்திரம் பாக்கிறனீரோ?”

“வர்ற வருஷம் தெரியாது ஐயா. போன வருஷத்தைத்தான் நான் பார்க்காம விட்டுட்டேன்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “உதைச் சொல்லவோ சுன்னாகத்திலையிருந்து வந்தனீர்?” என்றார். பதிலுக்குக் காத்திராமல் மண்வெட்டியை எடுத்தார். அவள் பஸ்ஸுக்கு நடக்கும்போதும் மிசின் சத்தம் பின்னால் கேட்டது. றோட்டுத் திரும்பிய பிறகும் கேட்டது.

புரட்டாசியில் வந்தவர்கள் இரண்டு பேர். வேசக்காரன் ஆடுவதைப் பார்த்துப் பாராட்டினார்கள். கனகசபாபதி தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது பத்மாசினி எழுந்து, நடந்ததைச் சொன்னாள். மூன்று பெட்டியை இரண்டாக்கியதைச் சொன்னாள். ஏன் ஆக்கினாள் என்று கேட்டார்கள். ஒரு சொல் தெரியாததால் என்றாள். எந்தச் சொல் என்று கேட்டபோது அதை ஆங்கிலத்தில் சொல்ல முடியவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூடவில்லை. இனி ஒரு வருடத்துக்கு, வேசக்காரன் சொல்வதை மாதாமாதம் கிணற்றடியில் போய் அளந்து ஒத்துப்பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் நம்புவோம் என்றார்கள். அளக்க வேறு ஆளில்லை. பத்மாசினியின் வேலையும் ஒரு வருடத்துக்கு நீண்டது. கனகசபாபதி அன்றைக்கும் மறுநாளும் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், பஸ் காசை முற்பணமாக எடுக்கச் சொன்னார்.

ஐப்பசியில், அளப்பதற்கென்று முதல் முறையாக நீரேரிக்கரைக்குப் போனாள். நாகலிங்கத்தின் கிணற்றடியில் யாருமில்லை. மிசின் சாக்குப் போட்டு மூடிக் கட்டியிருந்தது. கட்டு முறுகியிருந்தது, சாக்கின் மேல் சருகு. அவிழ்த்து நாளாயிருக்க வேண்டும். போத்தலைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். மேலே இழுத்து, உப்பு மானியை விட்டுப் பார்த்தாள். முள் கந்தோர்க் கணக்கில் இருந்த கடைசி அளவிலேயே நின்றது. இன்னொரு முறை அள்ளிப் பார்த்தாள். அதேதான்.

சொல்ல ஆள் தேடினாள். வெங்காயப் பாத்திகளின் மறு அந்தத்தில் நாகலிங்கம் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். வெகுதூரம்.

“ஐயா!” என்று கூப்பிட்டாள். “ஏறல!”

அவர் நிமிர்ந்தார். காற்று நீரேரிப் பக்கமிருந்து வீசியது. அவருக்குக் கேட்டதோ தெரியவில்லை. கையை ஒருமுறை தூக்கினார். சரி என்கிறாரா, என்ன என்று கேட்கிறாரா என்று அங்கிருந்து தெரியவில்லை. பிறகு மறுபடி குனிந்துகொண்டார்.

பத்மாசினி போத்தலை மூடிப் பையில் வைத்தாள். அடுத்த கிணற்றுக்கு இரண்டு வேலி தாண்ட வேண்டும்.